சமையலறை வழியாக ஒரு ரோமானிய எல்லை

சர்வேயர் ஓட்மார் ரூக்லே ஓய்வு பெற்றபோது எங்கள் ஹெசல்வைலர் ஊரில் அவரோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் மூன்றே பேர். முதலாவது அவர் மனைவி கெர்லிண்ட. ஒரே வீட்டில் இருப்பதால் அவளுக்கு வேறு வழியில்லை. இரண்டாவது பாதிரியார், எல்லோரிடமும் பேசுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். மூன்றாவது நான். நாற்பது ஆண்டுகள் இந்த வட்டாரத்துப் பசுக்களுக்கும் பன்றிகளுக்கும் வைத்தியம் பார்த்தவன். சொல்வதைக் காதில் வாங்காத உயிர்களோடு பழகிப் பழகி எனக்குப் பொறுமை கூடியிருந்தது.

முப்பத்தெட்டு ஆண்டுகள் ஓட்மார் செய்த வேலை இதுதான்: சண்டை போடும் இரண்டு பேருக்கு நடுவே கோடு போடுவார். போட்டு முடித்ததும் அந்த இரண்டு பேரும் சமாதானமாகி அவரோடு சண்டைக்கு வருவார்கள். இப்படி மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களை ஒன்று சேர்த்த பெருமை அவருக்கு உண்டு.

கெர்லிண்டவை அவர் முதன்முதலில் பார்த்ததும் வேலை நேரத்தில்தான். அவள் அப்பாவின் பழத்தோட்டத்தை அளக்கப் போயிருந்தார். அளந்து முடித்தபோது அந்த மனிதருக்கு மூன்று மீட்டர் தோட்டம் போயிற்று. அடுத்த வருஷம் மகளும் போனாள்.

வீட்டில் அவர் எப்படி என்று கேட்டால் கெர்லிண்ட சிரிப்பாள். கேக் வெட்டும் உரிமை அவளுக்கு இல்லை, சமமாக வராதாம். அவருடைய அம்மாவை அடக்கம் செய்த அன்று, பக்கத்துக் கல்லறை பதினோரு சென்டிமீட்டர் உள்ளே வந்திருப்பதைக் கண்டுபிடித்தார். ஆனால் பிரார்த்தனை முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. அதை அவர் பக்கத்து நியாயமாகச் சொல்லியே ஆக வேண்டும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ரோமானியர்கள் மேல் காதல் வந்ததில் ஆச்சரியமில்லை. எங்கள் ஜெர்மானியப் பக்கத்தில், ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் தங்கள் பேரரசுக்குப் போட்ட எல்லை, எண்பது கிலோமீட்டர் தூரம் இம்மியும் வளையாமல் போகிறது. குன்று வந்தால் குன்றின் மேல், ஓடை வந்தால் ஓடைக்குள். சுற்றிப் போனால் பாதி வேலை மிச்சம் என்று அவர்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. ஏன் அப்படிப் போட்டார்கள் என்று படித்தவர்கள் இன்றுவரை மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஓட்மாருக்கு அதில் குழப்பமே கிடையாது.

"நல்ல சர்வேயர் இருந்திருக்கான்," என்பார். "அவன் பேச்சைக் கேக்கற அரசாங்கமும் இருந்திருக்கு."

எல்லை என்றதும் பெரிய கல் சுவரை நினைத்துக்கொண்டு தூரத்து நகரங்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். விலை உயர்ந்த பூட்ஸ், இரண்டு கைக்கும் இரண்டு ஊன்றுகோல். நாள் முழுக்க நடந்து அவர்கள் பார்ப்பது முழங்கால் உயர மண்மேடு ஒன்று, அதன் பக்கத்தில் ஆடு படுக்கும் அளவுக்குப் பள்ளம் ஒன்று. பல இடங்களில் அதுவும் இல்லை; உழுதுவிட்டார்கள். இல்லாத சுவரின் ஓரமாக எட்டு மணி நேரம் நடந்துவிட்டு, பரவசத்தோடு பஸ் ஏறிப் போகிறார்கள்.

அவர்கள் நடப்பதற்கென்று பாதை இருக்கிறது. கறுப்புக் கோபுரம் வரைந்த சின்னப் பலகைகள் வழிகாட்டும். அந்தப் பாதை வயலைச் சுற்றும், பண்ணையைச் சுற்றும், பாலம் இருக்கும் இடத்தில் ஓடையைத் தாண்டும். சாதாரண மனிதர்களுக்கு இது வசதி. ஓட்மாருக்கு இது பொய். முக்கியமாக லோரெ ஹேஃப்னரின் பண்ணைக்குப் பக்கத்தில், பலகை நிற்கும் இடம் உண்மையான எல்லையிலிருந்து முப்பது மீட்டர் தள்ளியிருக்கிறது என்று அவர் பதினேழு கடிதம் எழுதினார். பதினேழுக்கும் நன்றி தெரிவித்து பதில் வந்தது. பலகை மட்டும் நகரவில்லை.

உண்மையான எல்லை எங்கே என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவரே அளந்தது. அந்தக் கதையைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

1984ஆம் வருஷம் லோரெயும் அவள் கணவன் காட்லோப்பும் புது மாட்டுத் தொழுவம் கட்ட நினைத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் மேட்டு நிலம், நல்ல உலர்ந்த மண். அனுமதிக்கு எழுதிப் போட்டதும் நிலத்தைப் பார்க்க ஓட்மார் வந்தார். முட்புதருக்குள் சதுரமாக நாலு வரிசைக் கல் கிடந்ததைப் பார்த்தார். பார்த்தவுடன் அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ரோமானியக் காவல்கோபுரத்தின் அடித்தளம்! அப்படியானால் எல்லைப் பள்ளம் இந்த மேட்டு நிலத்தின் அடியில்தான் ஓடுகிறது. வீட்டுக்கு அடியிலும் ஓடுகிறது. வீடு பழையது, அதை ஒன்றும் செய்ய முடியாது. தொழுவத்தைக் கட்ட விடக்கூடாது.

காட்லோப்பின் அப்பா அப்போது உயிரோடு இருந்தார். புகைக்குழாயை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்: "தம்பி, அது ரொட்டி சுடற அடுப்பு. நான் சின்னப் பையனா இருந்தப்ப ஊரே இங்கதான் ரொட்டி சுட்டுது."

ஓட்மார் அதையும் விடாமல் அறிக்கையில் எழுதினார். 'உள்ளூர்வாசி ஒருவரின் கூற்று. ஆதாரம் இல்லை.'

அனுமதி கிடைக்கவில்லை. காட்லோப் தொழுவத்தைக் கீழே ஓடைக்கரையில் கட்டினான். அங்கே அக்டோபரில் ஏறும் ஈரம் மே மாதம்தான் இறங்கும். இருபத்தாறு வருஷம் அந்த மாடுகள் ஈரத்தில் நின்றன. குளம்பு அழுகல் இல்லாத குளிர்காலம் எனக்கு நினைவில் இல்லை. மாதம் இரண்டு முறை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு போவேன். நான் கத்தியும் மருந்துமாகக் குனிந்திருக்க, காட்லோப் மாட்டின் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோமானியர்களைப் பற்றி ஓரிரு வார்த்தை சொல்வான். அவற்றை இங்கே எழுத முடியாது. அவனுக்கும் முட்டி போயிற்று. கடைசியில் மாடுகளை விற்றார்கள். சில வருஷம் கழித்து காட்லோப்பும் போய்ச் சேர்ந்தான், இதயம். அதற்கு ரோமானியர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

இனி அந்த நடைப்பயணத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் நடைச் சங்கம் வருஷத்துக்கு ஒரு முறை எல்லையோரம் பகல் முழுக்க நடக்கும். தலைவி இர்மா, ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். சங்கத்தில் மனித டாக்டர் யாரும் இல்லாததால் முதலுதவிப் பெட்டி என் தோளில். வழிநடத்துபவர் ஓட்மார். பலகை காட்டும் வழியில் நடந்துகொண்டே, அது எங்கெங்கே தப்பு என்று சொல்லிக்கொண்டு வருவார். அதை இருபது வருஷம் பதில் பேசாமல் கேட்டோம். அவருக்கு எழுபது வயது நிறைந்தபோது என்ன பரிசு வேண்டும் என்று இர்மா கேட்டாள். மது பாட்டில் கேட்பார் என்று நினைத்தோம்.

"ஒரே ஒரு தடவை," என்றார், "உண்மையான கோட்டுல நடக்கணும். நேரா."

"நேரான்னா?"

"நேரான்னா நேரா, டீச்சர். இதுக்கு வேற அர்த்தம் இருக்கா?"

"நடுவுல கிளெங்க்கோட சோளக்காடு இருக்கே."

"ரோமானியன் காலத்துல கிளெங்க் இல்ல."

"லோரெ வீடு இருக்கு."

"எழுதிக் கேட்டிருக்கேன்," என்றார் ஓட்மார்.

உண்மையில் கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தை லோரெ பிறகு எனக்குக் காட்டினாள். செப்டம்பர் மாதம் முதல் ஞாயிறு பகல் பன்னிரண்டே காலுக்கு, சுமார் பதின்மூன்று பேர், சமையலறைப் பின்கதவு வழியாக நுழைந்து முன்பக்க ஜன்னல் வழியாக வெளியேற அனுமதி கோரி இருந்தார். கூடவே வரைபடம். அடுப்புக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் நடுவே சிவப்பு மையில் ரோமானியப் பேரரசு.

லோரெ தொலைபேசியில் அவரைக் கூப்பிட்டாள். கெர்லிண்ட பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள்.

"சர்வேயரே, லெட்டர் வந்துச்சு. ஜன்னல் வழியா எதுக்கு? வாசக்கதவு இருக்கே."

"கதவு ரெண்டு மீட்டர் தள்ளி இருக்கு, ஹேஃப்னர் அம்மா."

"ஓ. அப்ப ஜன்னல்தான். பூட்ஸைக் கழட்டிட்டு வருவீங்களா, இல்ல ரோமானியர்கள் போட்டுக்கிட்டேதான் வந்தாங்களா?"

ஓட்மார் கொஞ்ச நேரம் யோசித்தாராம். "கழட்டிடறோம்," என்றாராம்.

"நல்லது. சாப்பாட்டு நேரமாச்சே, சமைச்சு வைக்கறேன். ஜெர்மானியக் காட்டுமிராண்டிங்க சாப்பாடுதான், பரவாயில்லையா?"

அவள் கிண்டல் செய்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் காட்டுக்குள் இருக்கும் கோபுர இடிபாட்டில் கூடினோம். இது சந்தேகமில்லாத ரோமானியக் கோபுரம். பெரும்புயலில் மரங்கள் சாய்ந்த பிறகு தோண்டி எடுத்தது. அதே புயலால் அங்கிருந்து தெற்கே பார்வைக்கு வழியும் திறந்திருந்தது. வயல்களைத் தாண்டி, லோரெயின் பண்ணையைத் தாண்டி, எதிர்க்குன்றின் மேல் இன்னொரு கோபுரத்தின் அடித்தளம். ஓட்மார் சிவப்பும் வெள்ளையும் பூசிய அளவைக் கம்புகள் ஆறு கொண்டுவந்திருந்தார். ஒன்றை நட்டு, எதிர்க்குன்றைக் குறி பார்த்து இன்னொன்றை நட்டு, அப்படியே கம்பு கம்பாக முன்னே போக வேண்டும். பழைய முறை. பிசகவே பிசகாது என்று அரை மணி நேரம் விளக்கினார்.

இவ்வளவு நாள் அவர் ஏன் அங்கே நின்று குறி பார்க்கவில்லை என்று பிறகு பலர் என்னிடம் கேட்டார்கள். எதற்குப் பார்க்க வேண்டும்? தான் ஒரு முறை அளந்ததை மறுபடி அளப்பது, கட்டிய மனைவியிடம் போய்ப் பெயர் கேட்பது மாதிரி அவருக்கு.

கெர்லிண்ட அவரோடு வரவில்லை. "நான் பலகை வழியாவே போறேன். அங்க பெஞ்சு இருக்கு," என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இரண்டு பேர் அப்போதே அவள் பின்னால் போய்விட்டார்கள்.

மீதிப் பேர் நேராக நடந்தோம். முதல் இருநூறு மீட்டர் முள். அடுத்து ஓடை. பாலம் நாற்பது அடி தூரத்தில், கண்ணுக்கெதிரே இருந்தது. கெர்லிண்ட அதன் மேல் நின்று கை அசைத்தாள். நாங்கள் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினோம். பேக்கரி வைத்திருந்த வால்டமார் வழுக்கி உட்கார்ந்தார். எழுந்தவர் பாலத்தை நோக்கி நடந்தார். அவரோடு அவர் மனைவியும், மனைவியின் தங்கையும்.

சோளக்காட்டில் கிளெங்க் டிராக்டரோடு நின்றுகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை டிராக்டர் எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை, எங்களுக்காகத்தான்.

"எங்கயா போறீங்க எல்லாரும்?"

"எல்லைக்கோட்டுல," என்றார் ஓட்மார். "முன்கூட்டியே தெரிவிச்சிருக்கேன்."

"எங்கிட்ட ஒரு எல்லைக்கோடு 1993ல போட்டீங்க, ஞாபகம் இருக்கா? அதுல என் வால்நட் மரம் பக்கத்து வீட்டுக்காரனுக்குப் போச்சு. இன்னிக்கு என்ன வேணும்? வீடா?"

"உங்க சோளத்துல ரெண்டு வரிசைக்கு நடுவுலதான் போவோம்."

"வரிசை கிழக்கு மேற்கா போகுது, மகராசா. நீங்க தெக்க போறீங்க."

ஓட்மார் சோளத்தைப் பார்த்தார். தவறு சோளத்தின் மேல் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இர்மா டீச்சர் நடுவில் புகுந்து, ஒருவர் பின் ஒருவராக, ஒரு சோளத்தட்டைகூட ஒடியாமல் போவோம் என்று வாக்குக் கொடுத்தாள். கிளெங்க் சம்மதித்தான். உள்ளே போனதும் தலைக்கு மேல் சோளம். முன்னால் போகிறவர் முதுகு தெரியவில்லை. ஓட்மார் கம்பை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இடது! இல்ல, அரை அடி வலது!" என்று கத்தியது மட்டும் கேட்டது. வெளியே வந்து எண்ணினால் நாலு பேர்தான். மற்றவர்கள் காணாமல் போகவில்லை. உள்ளே போகவே இல்லை.

அதன் பிறகு மின்வேலி. அதைப் பற்றி எனக்குத் தனிப்பட்ட முறையில் நிறையச் சொல்ல இருக்கிறது. சொல்லப்போவதில்லை.

பன்னிரண்டு மணிக்கு லோரெயின் பண்ணைக்கு மேலே உள்ள சரிவில் நின்றோம்: ஓட்மார், இர்மா, நான், பிறகு நடைச் சங்கத்தில் சேர்ந்து ஒரே வாரமான தபால்காரர் ஒருவர். மறுத்துச் சொல்லும் தைரியம் அவருக்கு இன்னும் வரவில்லை. கீழே சமையலறையின் பின்கதவு அகலத் திறந்திருந்தது. முன்பக்க ஜன்னலும் திறந்திருந்தது. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் வீட்டைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கத்து வானம் தெரிந்தது. லோரெ தரைவிரிப்பைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, ஜன்னலுக்கு அடியில் ஒரு முக்காலியும் போட்டிருந்தாள், வயதானவர்கள் ஏறுவதற்கு. பாதை வழியாக வந்தவர்கள் அத்தனை பேரும் முற்றத்தில் உட்கார்ந்து ஆப்பிள் மது குடித்துக்கொண்டிருந்தார்கள். கெர்லிண்ட பூட்ஸைக் கழற்றிக் காலை நீட்டியிருந்தாள்.

ஓட்மார் கடைசிக் கம்பை நட்டார். குனிந்தார். ஒற்றைக் கண்ணால் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"டாக்டர், அந்த ரெண்டாவது கம்பைத் தொட்டீங்களா?"

"நான் எதையும் தொடல."

"தபால்காரரே?"

தபால்காரர் தலையை ஆட்டி மறுத்தார்.

கம்புகள் காட்டிய கோடு சமையலறைக்குப் போகவில்லை. வீட்டையே தொடவில்லை. முற்றத்தைத் தாண்டி, வண்டிப்பாதையின் மேல், கறுப்புக் கோபுரம் போட்ட பலகை நிற்கிறதே, சரியாக அதன் மேல் போய் நின்றது. பதினேழு கடிதம் எழுதியும் நகராத பலகை.

"கம்பு சாஞ்சிருக்கு," என்றார் ஓட்மார். கம்புகளைப் பிடுங்கிக்கொண்டு சோளக்காட்டின் ஓரம் வரை திரும்பிப் போய் மறுபடி நட்டுக்கொண்டு வந்தார். அரை மணி ஆயிற்று. கோடு பலகைக்குப் போயிற்று. தபால்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சாப்பிடப் போனார். ஓட்மார் மூன்றாவது முறை போனார். இந்த முறை இர்மாவும் கூடப் போய் ஒவ்வொரு கம்பையும் தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தாள். கணக்கு டீச்சர் அல்லவா. பலகைக்கே போயிற்று.

நான் அதற்குள் கீழே இறங்கிவிட்டேன். வேகவைத்த பயறு, முட்டை போட்டுப் பிசைந்த மாவு இழைகள், சாசேஜ், உருளைக்கிழங்கு சாலட். எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய விருந்து கிடையாது. வால்டமார் காய்ந்த கால்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், காட்லோப்புடையது. வயிற்றருகே பொத்தான் போட வரவில்லை.

"மேல என்ன நடக்குது, டாக்டர்?" என்று லோரெ கேட்டாள்.

"எல்லை உன் வீட்டு வழியா வரமாட்டேங்குது."

"அப்படியா? நான் ஜன்னலெல்லாம் தொடைச்சு வச்சேனே." சட்டியை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். நானும் போனேன். வாயில் சாசேஜ் இருந்ததை மறைக்க மாட்டேன்.

ஓட்மார் சரிவில் நின்றார், பக்கத்தில் இர்மா. தொப்பி கையில் இருந்தது. கன்னத்தில் சோள இலை கிழித்த கோடு.

"சர்வேயரே," என்றாள் லோரெ, "கதவு திறந்தே இருக்கு. ஈ வருது. வரீங்களா, மாட்டீங்களா?"

அவர் வீட்டுக்குப் பின்னால் புதர்ப் பக்கம் கை நீட்டினார். "அந்தக் கல்லு..."

"ரொட்டி அடுப்பு."

"கோபுரத்தோட அளவு அப்படியே இருந்துச்சு."

"பெரிய அடுப்பு. பெரிய ஊரு. என் மாமனார் உங்ககிட்ட சொன்னார். நான் சொன்னேன். காட்லோப் உங்க ஆபீசுக்கே வந்து சொன்னான். நீங்க அவனை உக்காரக்கூடச் சொல்லல."

அப்போது ஓட்மார் ஏதாவது காரணம் சொல்வார் என்றுதான் நான் எதிர்பார்த்தேன். காந்தம், வெப்பம், பூமி நகர்ந்தது என்று ஏதாவது ஒன்று. அவர் பையிலிருந்து அளவை நாடாவை எடுத்தார். ஒரு முனையை இர்மா கையில் கொடுத்துப் பலகையடியில் நிற்கச் சொன்னார். மறுமுனையை இழுத்துக்கொண்டு முற்றத்தின் நடுவே நடந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் காலைத் தூக்கி வழி விட்டார்கள். சமையலறைப் பின்கதவின் நடுவில் வந்து நின்றார். நாடாவைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"முப்பத்தொண்ணு மீட்டர் நாப்பது," என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. "தப்பு என்னுது."

முப்பத்தெட்டு வருஷமாக இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தவர்கள் அங்கே ஐந்தாறு பேராவது இருந்தார்கள். கேட்டதும் குதிப்போம் என்று நினைத்திருப்பார்கள். யாரும் குதிக்கவில்லை. வால்டமார் மாத்திரம் விக்கினார்.

"அந்த மேட்டு நிலத்துல எதுவும் இல்ல," என்று ஓட்மார் லோரெயிடம் சொன்னார். "தொழுவம் அங்க கட்டியிருக்கலாம்."

"தெரியும்."

"இருபத்தாறு வருஷம்."

"அதுவும் தெரியும். டாக்டர் வராத நாள்ல மாட்டுக்கு மருந்து போட்டது நான்தானே." அவள் காட்லோப்பின் கால்சட்டை வால்டமார் மேல் இருப்பதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். "இப்ப மாடும் இல்ல, அவனும் இல்ல. யாருகிட்ட கோவிச்சுக்கறது? உள்ள வாங்க, பயறு ஆறுது. பூட்ஸைக் கழட்டுங்க."

அவர் கழற்றினார். சாக்ஸில் கட்டைவிரல் தெரிந்தது. கெர்லிண்ட எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து தட்டில் பரிமாறினாள். நாற்பத்துநாலு வருஷக் கல்யாண வாழ்க்கைக்குப் பலனாகக் கடவுள் கொடுத்த வாய்ப்பு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "உப்பு போதுமா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றைக்கு நாங்கள் எதிர்க்குன்றுக்குப் போகவில்லை. சாப்பாட்டுக்கு மேல் பிளம் கேக் வந்தது. யார் போவார்கள்?

மறுநாளே ஓட்மார் பதினெட்டாவது கடிதம் எழுதினார். 1984இல் தான் கொடுத்த அறிக்கை தவறு என்றும், தன்மேல் உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அப்படி ஒரு அறிக்கை கோப்பில் இல்லையாம். தொல்பொருள்மேல் அவர் காட்டும் ஆர்வத்துக்கு நன்றியாம். தன்னைத் தண்டிக்கக்கூட ஆள் இல்லை என்று தெரிந்ததும் மனிதர் ஒடிந்துபோனார். இரண்டு வாரம் வெளியே வரவில்லை. கேக்கைக் கெர்லிண்டவே வெட்டினாளாம், கோணலாக. அவர் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டாராம். அதைக் கேட்டுப் பயந்துபோய்த்தான் நான் லோரெயிடம் பேசினேன்.

அவள் நேராக அவர் வீட்டுக்குப் போனாள்.

"சர்வேயரே, மன்னிப்புக் கேட்டு முடிஞ்சுதா? முடிஞ்சுதுன்னா ஒரு வேலை இருக்கு."

"என்ன வேலை, ஹேஃப்னர் அம்மா?"

"அந்தப் பாதையில வர்றவங்க எல்லாம் என் கதவைத் தட்டித்தான் கழிவறை கேக்கறாங்க. கேட்டுட்டு, காப்பி இருக்கான்னு பாக்கறாங்க. அந்த மேட்டு நிலத்துல ஒரு மரக் கொட்டகை போட்டு நாலு மேஜை போடலாம்னு இருக்கேன். அனுமதி கிடைக்காதாம். எல்லைக்குப் பக்கமாம். நீங்கதான் வாங்கித் தரணும்."

அடுத்த பதினான்கு மாதம் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கிறது. ஓட்மாருக்கு அவர்களுடைய விதிகள் அவர்களைவிட நன்றாகத் தெரியும். வாரம் ஒரு கடிதம். ஒவ்வொன்றிலும் வரைபடம். ஒரு அதிகாரி முன்கூட்டியே ஓய்வு பெற்றார். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று தெரியாது. நிலத்தைத் தோண்டிப் பார்க்க ஆட்களை வரவழைத்தார். அவர்கள் மூன்று நாள் தோண்டி, கரி, சாம்பல், உடைந்த பீங்கான் கிண்ணம் ஒன்று எடுத்தார்கள். ரோமானியப் பொருள் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அனுமதி வந்தது.

கொட்டகை கட்டும்போது ஓட்மார் நாடாவோடு வந்து நின்றார். லோரெ அதை அவர் கையிலிருந்து வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். "தச்சர் அளப்பார்," என்றாள்.

திறந்த முதல் ஞாயிறே நல்ல கூட்டம். தூரத்து ஊர்க்காரர்கள் ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, இல்லாத எல்லைச் சுவரைப் பார்த்த களைப்பில் இரண்டிரண்டு துண்டு கேக் தின்றார்கள். சங்கத்து நடைகளை இப்போது கெர்லிண்ட நடத்துகிறாள். பெஞ்சு கண்ட இடமெல்லாம் நிறுத்துகிறாள், ஒருவரும் குறை சொன்னதில்லை. ஓட்மார் நடக்க வரவில்லை. கொட்டகையின் பின்னால் லோரெயோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நான் காப்பி வாங்கப் போனபோது அவர் ஒரு கிழங்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோலை எடுக்கச் சொன்னா கிழங்கையே எடுத்துடறீங்க," என்றாள் லோரெ. "இந்த வேகத்துல போனா சாலட் அடுத்த வாரம்தான்."

"இது எல்லாம் வேற வேற சைஸா இருக்கு, ஹேஃப்னர் அம்மா."

"கிழங்கு அப்படித்தான் இருக்கும். உரிங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு உரித்தார். அடுத்த ஞாயிறும் வந்தார்.